ஆத்தங்குடித் தரையிலிருந்து பாக் விரிகுடாப் பார் வரை: பவளப்பாறைக் கணக்கெடுப்பும் புள்ளியியல் மாதிரியும்

காரைக்குடியிலிருந்தோ தேவகோட்டையிலிருந்தோ பார்த்தால் கடல் தெரியாது. ஆனாலும் பவளப்பாறை ஆய்வுக்கு இது தூரத்து ஊர் இல்லை. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டிக் கரையில் இருக்கிறது. காரைக்குடியில் ரயில் ஏறினால் மானாமதுரை, ராமநாதபுரம் வழியாக மண்டபத்தில் இறங்கலாம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு கடலுக்கும் நடுவில்தான் மண்டபம் இருக்கிறது. 1969-ல் பவளப்பாறை விஞ்ஞானிகள் உலகெங்கிலும் இருந்து வந்து கருத்தரங்கு நடத்தியது அங்கேதான்.

முதுகலைத் திட்டத்துக்கோ முனைவர் பட்டத்துக்கோ பவளப் பரப்பைக் கணக்கெடுக்கக் கிளம்புகிறவர்களுக்கான செய்முறை இது. பெரும்பாலோர் முதலில் கடலில் இறங்கிப் படம் எடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து, "இதை எந்த டெஸ்டில் போடுவது?" என்று கேட்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எந்தப் புள்ளியியல் மாதிரியை (மாடல்) தரவுக்குப் பொருத்தப் போகிறீர்கள் என்பதைக் காகிதத்தில் எழுதிய பிறகுதான் படகுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். காரணம் கீழே எண்ணாகவே இருக்கிறது.

எத்தனை இடம், எத்தனை படம், எத்தனை புள்ளி

வழக்கமான முறை இது. ஓர் இடத்தில் 20 மீட்டர் நாடாவை விரிப்போம். ஒவ்வொரு மீட்டரிலும் 50 செ.மீ. சதுரச் சட்டத்தை வைத்துப் படம் எடுப்போம். கணினியில் ஒவ்வொரு படத்தின் மீதும் 25 புள்ளி தூவி, புள்ளிக்குக் கீழே உயிர்ப்பவளமா, பாசியா, மணலா என்று குறிப்போம். பவளத்தில் விழுந்த புள்ளிகளின் விகிதம்தான் பவளப் பரப்பு.

ஆறு இடம், இடத்துக்கு நான்கு நாடா, நாடாவுக்கு 20 படம் என்றால் 480 படம், 12,000 புள்ளி. இந்த 12,000-ஐப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. ஒரே படத்தில் உள்ள 25 புள்ளியில் பத்து புள்ளி போரைட்டிஸ் என்ற பாறைபோன்ற ஒரே பவளத்திரளின் மேல் விழுந்திருக்கும். அவை பத்துத் தகவல் ஆகா. ஒரே இடத்தின் நான்கு நாடாவுக்கும் ஒரே கலங்கல், ஒரே ஆழம், ஒரே மீன்பிடி அழுத்தம். இதைக் கவனிக்காமல் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனிச் சான்றாக எண்ணும் பிழையை 1984-ல் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 'போலி மறுபடி' என்ற பொருளில் பெயரிட்டுக் கண்டித்தார். இன்றும் ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் பிழை அது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். உண்மைப் பரப்பு 25 சதவீதம் என்று வையுங்கள். லாஜிட் அளவில் (பவளம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள விகிதத்தின் இயல்மடக்கை) இடத்துக்கு இடம் உள்ள திட்டவிலக்கம் 0.5, நாடாவுக்கு நாடா 0.3, படத்துக்குப் படம் 0.6 என்று கொள்வோம். இவை விளக்கத்துக்காக எடுத்த எண்கள். உங்கள் கடலுக்கு முன்னோட்ட ஆய்வில் கிடைப்பதைப் போடுங்கள். மாறுபாடு என்பது திட்டவிலக்கத்தின் வர்க்கம். சராசரியின் மாறுபாடு இப்படி வரும் (0.213 என்பது 25 புள்ளியின் மாறுபாடு, 1 ÷ (25 × 0.25 × 0.75)):

இடம்: 0.25 ÷ 6 = 0.0417
நாடா: 0.09 ÷ 24 = 0.0038
படமும் புள்ளியும் சேர்த்து: (0.36 + 0.213) ÷ 480 = 0.0012

கூட்டினால் 0.0466, வர்க்கமூலம் 0.216. இதுதான் சராசரியின் திட்டப்பிழை. சதவீதமாக மாற்றினால் 95 சதவீத இடைவெளி ஏறக்குறைய 18 முதல் 34 வரை நீள்கிறது. இப்போது படத்துக்கு 25 புள்ளிக்குப் பதில் 50 புள்ளி வையுங்கள். குறியிடும் உழைப்பு இரட்டிப்பாகும். திட்டப்பிழை 0.216-லிருந்து 0.215 ஆகும், அவ்வளவுதான். அதே 480 படத்தை 12 இடத்துக்குப் பிரித்து, நாடாவுக்குப் பத்துப் படம் என்று எடுத்தால் திட்டப்பிழை 0.155. இடைவெளி 20 முதல் 31-க்குள் சுருங்கிவிடும். ஆகவே கையில் மிச்சப்படும் ஒவ்வொரு ரூபாயும் முதலில் புதிய இடத்துக்குப் போகட்டும், பிறகு நாடாவுக்கு, பிறகு படத்துக்கு. புள்ளிக்குக் கடைசியாகத்தான்.

கேள்வி 'இந்த ஆண்டு எவ்வளவு?' என்பதாக இல்லாமல் 'போன ஆண்டைவிட எவ்வளவு குறைந்தது?' என்பதாக இருந்தால் கணக்கு மாறும். ஒரே இடத்துக்கு மறுபடி மறுபடி போனால் இடத்துக்கு இடம் உள்ள நிரந்தர வேறுபாடு கழிந்துவிடும். அப்போது பிழையின் பெரும்பங்கு, இடங்கள் ஆண்டுதோறும் ஒன்றுபோல் ஏறி இறங்காததிலிருந்து வரும். மாற்றத்தைப் பிடிக்க நினைப்பவர்கள் இடங்களை நிரந்தரமாக்கிக்கொள்வது நல்லது. கையடக்க ஜிபிஎஸ் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தவறும் என்பதால் அதை மட்டும் நம்பி 'அதே நாடாக்கோடு' என்று எழுதக் கூடாது. அடையாளக் கம்பி நட அனுமதி இல்லையென்றால், இடம் நிரந்தரம், நாடா ஒவ்வொரு முறையும் புதிது என்று வெளிப்படையாக வைத்துக்கொண்டு மாதிரியையும் அப்படியே எழுதுங்கள்.

அனுமதியும் பருவமும்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. தூத்துக்குடி, வேம்பார், கீழக்கரை, மண்டபம் என்று நான்கு தொகுதி. அங்கே இறங்க வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பாக் விரிகுடாவில் மண்டபம் முனைக்காட்டிலிருந்து தங்கச்சிமடம் வரை கரையோரமாக ஓடும் பார் (பவளப்பாறைத் திட்டு), பூங்காவுக்கு வெளியே இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். 2001 முதல் கடும்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. ஒரு கிளைத் துண்டை எடுத்தாலும் குற்றம்தான். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் முருகைக்கல்லை (பவளக்கல்லை) வெட்டி அள்ளிய கடற்கரை இது என்பதால் அதிகாரிகள் கண்டிப்பாக இருப்பது நியாயம். விண்ணப்பத்தில் 'படம் மட்டும், பவளத் துண்டு சேகரிப்பு இல்லை' என்று ஒரு வரி இருந்தால் வேலை எளிதாகும். அனுமதி கைக்கு வரப் பல மாதம் ஆகலாம். பருவத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் முந்தைய பருவத்திலேயே எழுதிப் போடுங்கள்.

வாடைக் (வடகிழக்குக் காற்று) காலத்தில் வடகடலான பாக் விரிகுடா கலங்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது தென்கடலான மன்னார் வளைகுடா பொங்கும் என்பது ராமேசுவரம் பக்கத்து மீனவர்களின் நாள்காட்டி. இரண்டு கடலையும் ஒரே வாரத்தில் ஒரே தெளிவில் பிடிப்பது கடினம். வெப்பத்தில் பவளம் நிறமிழந்து வெளுக்கும் வெளிறல் வருவது பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை. எனவே கோடைக்கு முன் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு சுற்று, வெப்ப உச்சத்தில் ஒரு சுற்று, உயிர் பிழைத்ததா என்று பார்க்கச் செப்டம்பர் வாக்கில் ஒரு சுற்று என வைத்தால் ஓர் ஆண்டின் கதை முழுதாகக் கிடைக்கும். எந்த நாளில் நீவாடு (நீரோட்டம்) குறையும், எப்போது தண்ணீர் தெளியும் என்பதைப் படகோட்டும் அண்ணனிடம் கேளுங்கள். வானிலைச் செயலி அந்த அளவுக்கு இறங்கிச் சொல்லாது.

சதுரச் சட்டம் செய்வது

காரைக்குடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அரை அங்குல பிவிசி பைப் போதும். அடிச்சட்டத்துக்கு உள்ளளவு 50 செ.மீ. வரும்படி நான்கு துண்டு, கால்களுக்கு 60 முதல் 65 செ.மீ. நீளத்தில் நான்கு துண்டு, மேலே கேமரா தட்டைத் தாங்கக் குறுக்குப் பைப். மூலைக்கு மூன்று வழி எல்போ. வெட்டிய பின் ஒட்டுப்பசை போடுவதற்கு முன்பே உள்ளளவை நான்கு பக்கமும், இரண்டு மூலைவிட்டமும் அளந்து பாருங்கள். மூலைவிட்டம் இரண்டும் சமமாக, ஏறக்குறைய 70.7 செ.மீ. இருந்தால்தான் அது சதுரம்.

பைப்பில் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு, மூன்று இடத்தில் துளை போட வேண்டும். இல்லையென்றால் உள்ளே காற்று நின்று சட்டம் மிதக்கும். துளை போட்டும் நீரோட்டத்தில் அலைந்தால், அடிப்பைப்பில் மட்டும் மணல் அடைத்து மூடுங்கள். ஈயக்குண்டு கட்டாதீர்கள். அது தொங்கி ஆடிப் பவளக் கிளையை உடைக்கும். அடிச்சட்டத்தில் 10 செ.மீ.க்கு ஒரு கறுப்பு டேப் சுற்றினால் படத்தில் அளவுகோல் தானாக வந்துவிடும்.

தட்டையான கண்ணாடி முகப்புள்ள கேமரா உறையில் தண்ணீருக்குள் படக்கோணம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கும். தரையில் சட்டம் முழுவதும் படத்தில் அடங்கியது என்று நம்பிப் போனால், கடலில் நான்கு மூலையும் வெட்டுப்படும். பெரிய சின்டெக்ஸ் தொட்டியிலோ நீச்சல்குளத்திலோ சட்டத்தை முக்கி, ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கால் நீளத்தை முடிவு செய்யுங்கள். ஊருணியில் இறங்க வேண்டாம். பல ஊரில் அது குடிநீர், அதோடு கலங்கலில் எதுவும் தெரியாது.

நாடாவுக்கு ஃபைபர் டேப் வாங்குங்கள், இரும்பு நாடா ஒரே பயணத்தில் துருப்பிடிக்கும். எழுத வெள்ளை பிவிசி பலகையும் பென்சிலும் வேண்டும். நிறத்தைச் சரிசெய்ய ஒரு சாம்பல் அட்டையை நீர்புகா உறையில் போட்டு வைத்து, ஒவ்வொரு நாடாவின் முதல் படத்திலும் அதைச் சேர்த்து எடுங்கள். ஆழத்தில் சிவப்பு முதலில் மறையும். அட்டை இல்லாவிட்டால் வெளிறிய பவளமும் இயல்பான இளநிறப் பவளமும் படத்தில் ஒன்றாகிவிடும்.

வளவுத் தரையில் பயிற்சி

செட்டிநாட்டுக்காரர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத வசதி ஒன்று உண்டு. பழைய வீட்டின் பட்டாலையிலோ (கூடத்திலோ) வளவை (உள்முற்றத்தை) சுற்றியோ பதித்த ஆத்தங்குடிக் கல் (வண்ணச் சிமெண்ட் ஓடு) தரைதான் புள்ளி எண்ணும் பயிற்சிக்கு ஏற்ற களம். கல்லின் வடிவம் திரும்பத் திரும்ப வருவதால் உண்மை விடையை அளவுகோலால் கணக்கிட்டுவிடலாம். கடலில் உண்மை விடை யாருக்கும் தெரியாது.

எளிய வடிவம் உள்ள தரையாகப் பாருங்கள். 20 செ.மீ. கல்லின் நடுவில் 6 செ.மீ. ஆரமுள்ள சிவப்பு வட்டம் என்று வைத்தால், வட்டத்தின் பரப்பு 113 சதுர செ.மீ., கல்லின் பரப்பு 400. சிவப்பு 28.3 சதவீதம். சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இருபது இடத்தில் வைத்துப் படம் எடுங்கள். பளபளப்பான தரையில் ஃபிளாஷ் வெள்ளைப் பொட்டாக விழும், அதை அணைத்துவிடுங்கள்.

முதலில் ஒவ்வொரு படத்திலும் 10 செ.மீ. இடைவெளியில் ஒழுங்கான 25 புள்ளி வையுங்கள். கல்லின் அகலம் 20 செ.மீ., புள்ளி இடைவெளி அதில் சரிபாதி. ஆகவே சட்டம் கல்வரிசைக்கு இணையாக இருந்தால், எந்தக் கல்லானாலும் புள்ளிகள் அதே நான்கு இடத்தில்தான் விழும். சட்டம் ஒரு விரற்கடை நகர்ந்தால் சிவப்பின் விகிதம் திடீரென்று தாவும், மறுபடி அப்படியே நிற்கும். அடுத்து, சட்டத்தை 10 செ.மீ. கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கண்டபடி ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். தாவல் அடங்கிவிடும். பாரில் இப்படிக் கணக்காக வடிவம் திரும்பாது என்றாலும் அலைமுகட்டு மணல்வரிகளும் வரிசையாக வளர்ந்த கிளைகளும் உண்டு. எனவே கட்டத்துக்கு ஒரு சமவாய்ப்புப் புள்ளி என்ற முறையையே கடலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கையும் அங்கேயே முடியுங்கள். கட்டத்துக்கு ஒரு புள்ளி வைத்த இந்த இரண்டாம் முறையில் இருபது படத்திலும் கிடைத்த சிவப்புப் புள்ளி எண்ணிக்கையின் மாறுபாட்டைக் காணுங்கள். ஈருறுப்புப் பரவல் சொல்வது 25 × 0.283 × 0.717, அதாவது 5.07. தரையில் அதை ஒட்டியோ சற்றுக் குறைவாகவோதான் வரும், ஏனென்றால் சட்டத்துக்குச் சட்டம் சிவப்பின் அளவு பெரிதாக மாறாது. பாரில் ஒரு சட்டம் முழுக்கப் பவளம், அடுத்தது முழுக்க மணல். மாறுபாடு அந்த எண்ணைப் பலமடங்கு தாண்டும். இதுதான் மிகைச் சிதறல். மாதிரியில், இந்த மிகைச் சிதறலை ஏற்கும் பீட்டா-ஈருறுப்புப் பரவல் எதற்கு என்பது இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால் விளங்கிவிடும்.

தண்ணீருக்குள்

தொடக்கப் புள்ளிகளைக் கரையிலேயே சமவாய்ப்பாகத் தேர்ந்து ஜிபிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போங்கள். அங்கே போய் 'நல்லாயிருக்கிற இடமா' பார்த்து நாடா விரித்தால் அந்த ஆய்வு பவளம் அதிகமுள்ள இடங்களைப் பற்றியது மட்டுமே. அத்தகைய இடம் அடுத்த ஆண்டு குறைந்துதான் தெரியும், வெப்பம் தாக்காவிட்டாலும்.

நாடாவைச் சம ஆழத்தில், கரைக்கு இணையாக விரியுங்கள். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நாடாவையும் பலகையையும் பார்த்துக்கொள்ள, மற்றவர் படம் எடுக்கட்டும். ஒவ்வொரு மீட்டர் குறியிலும் சட்டத்தின் இடதுமூலை நாடாவைத் தொட வேண்டும். எப்போதும் நாடாவின் ஒரே பக்கம். கிளைப்பவளத்தின் மேல் சட்டம் நேராக உட்காராது. அதை அமுக்கி உட்கார வைக்காமல், கையில் பிடித்து மிதக்கவிட்டு எடுங்கள். ஆழம் ஓர் ஆளுயரமோ இரண்டாளுயரமோ உள்ள இடத்தில் அரை மீட்டர் ஓதமும் பெரிய பிழை, எனவே ஒவ்வொரு நாடாவுக்கும் நேரத்தைக் குறித்து ஓத அட்டவணையால் ஆழத்தைத் திருத்துங்கள்.

பார்வைத் தெளிவு ஒரு மீட்டருக்குக் கீழ் இறங்கினால் படவேலையை நிறுத்திவிடுங்கள். கலங்கல் படத்தில் பவளம்தான் முதலில் 'தெரியவில்லை' ஆகும், மணல் எப்படியும் தெரியும். கலங்கிய நாளில் எடுத்த தரவு பவளத்தைக் குறைத்தே காட்டும். பவளத்தின் மீது நிற்கக் கூடாது, துடுப்புச் செருப்பால் மணலைக் கிளப்பவும் கூடாது. கடல் முள்ளெலியும் சொறிமீனும் (ஜெல்லிமீன்) உண்டு என்பதால் முழுக்கை உடுப்பு அவசியம்.

வெப்பப் பதிவியை ஒவ்வோர் இடத்திலும் ஒன்று வையுங்கள், 30 நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும். வெயில் நேரே படும்படி கட்டினால் ஆழமற்ற நீரில் பதிவி தானே சூடாகி அதிகம் காட்டும். துளைபோட்ட வெள்ளைப் பைப்புக்குள் போடுங்கள். கடலில் வைக்கும் முன்னும் எடுத்த பின்னும், நல்ல தண்ணீரில் செய்த ஐஸை நொறுக்கி அதே தண்ணீர் கலந்த குழம்பில் எல்லாப் பதிவியையும் ஒன்றாக அமிழ்த்துங்கள். எல்லாம் 0 டிகிரி காட்ட வேண்டும். காட்டாததன் வேறுபாட்டைக் குறித்துக் கழியுங்கள்.

அடையாளம் குறிப்பதில் வழுக்கும் இடங்கள்

வகைகளைப் பத்துக்குள் வையுங்கள்: கிளைப்பவளம், பாறைத்திரள் பவளம், இலைப்பவளம், படர்பவளம், மென்பவளம், அண்மையில் இறந்தது, பாசி மூடிய பழைய எலும்புக்கூடு, பெரும்பாசி, உடைசல், மணல். பேரின அளவில் அக்ரோபோரா, மான்டிபோரா, போரைட்டிஸ், டர்பினேரியா ஆகியவற்றைப் பிரிக்க முடிந்தால் தனி நிரலில் எழுதுங்கள். ஐயமுள்ளவற்றை ஊகித்து எழுத வேண்டாம். நிழலிலும் நாடாவின் மேலும் விழுந்த புள்ளியைக் கழித்துவிடுங்கள். அந்தப் படத்தின் மொத்தம் 25-க்குப் பதில் 22 என்று பதிவாகட்டும்.

அதிகம் குழப்புவது மூன்று. அக்ரோபோராவின் கிளைநுனி வெண்மையாக இருப்பது வளர்நுனி, அது வெளிறல் ஆகாது. முழுதும் வெளுத்த பவளத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணாடிபோன்ற திசுவும் பாலிப்பும் (பவளத்தின் சிற்றுயிர்) தெரியும், அது உயிரோடு இருக்கிறது. திசுவே இல்லாமல் குழிகள் கூர்மையாகத் தெரிந்தால் அது அண்மையில் இறந்தது, சில நாளிலேயே மெல்லிய பாசி படியத் தொடங்கும். மூன்றாவது, நத்தையோ முள்முடி நட்சத்திரமீனோ தின்ற தழும்பு. அதற்கு எல்லைக்கோடு தெளிவாக இருக்கும், வெளிறல் மெல்ல மங்கி வரும்.

பத்தில் ஒரு படத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் குறியுங்கள். யார் குறித்தது என்பதைத் தரவில் ஒரு நிரலாகவே வைத்திருங்கள்.

கோரல்நெட் போன்ற தானியங்கிக் குறிப்பான்கள் பெரிய உதவி, ஆனால் வேறு கடலின் படங்களில் பழகியதை அப்படியே நம்பக் கூடாது. முதலில் உங்கள் படங்களையே கையால் குறித்துப் பழக்குங்கள். பிறகு தனியாக ஒதுக்கிய படங்களில் சோதித்துப் பிழைவீதத்தை அறியுங்கள். உதாரணமாக, பவளத்தைப் பவளம் என்று சொல்வது 85 சதவீதம், மற்றதைப் பவளம் என்று தவறாகச் சொல்வது 8 சதவீதம் என்றால், உண்மையில் 28.6 சதவீதம் உள்ள பரப்பு 30 என்று தெரியும், உண்மையில் 10 ஆனது 15.7 என்று தெரியும். நிஜமான சரிவு 65 சதவீதம், கணினி காட்டுவதோ 48. சரிவு பெரிதாக ஆக இந்தப் பொய்யும் பெரிதாகும். திருத்தும் வழி: கண்ட விகிதத்திலிருந்து 0.08-ஐக் கழித்து, 0.77-ஆல் வகுக்க வேண்டும்.

அட்டவணை

படத்துக்கு ஒரு வரி. நிரல்கள்: கடல், இடம், நாடா, படம், தேதி, திருத்திய ஆழம், குறித்தவர், பவளப் புள்ளி, மொத்தப் புள்ளி. பவளம் இல்லையென்றால் 0 என்று எழுதுங்கள், வெற்றாக விடாதீர்கள். வெற்றை மென்பொருள் 'தரவு இல்லை' என்று தள்ளிவிடும், பரப்பு ஏறிவிடும். நாடா எண்ணை எல்லா இடத்திலும் 1, 2, 3, 4 என்று போட்டால் முதல் இடத்து நாடா 1-ம் இரண்டாம் இடத்து நாடா 1-ம் ஒன்றே என்று மாதிரி எடுத்துக்கொள்ளக்கூடும். 'முனைக்காடு-1' என்று முழுப்பெயர் வையுங்கள்.

மாதிரி

சதவீதத்தைக் கணக்கிட்டு அதை நேர்கோட்டுத் தொடர்பாய்வில் போடுவது பழைய வழக்கம். 0-க்குக் கீழேயும் 100-க்கு மேலேயும் போகும் கணிப்புகள் அதில்தான் வரும். எண்ணிக்கையை எண்ணிக்கையாகவே விடுங்கள். புள்ளியியலுக்கான ஆர் (R) நிரல்மொழியில் ஜிஎல்எம்எம்-டிஎம்பி (glmmTMB) தொகுப்பிலோ, முன்னெதிர்பார்ப்பையும் தரவோடு சேர்த்துக் கணிக்கும் பேயீசிய முறைக்கு பிஆர்எம்எஸ் (brms) தொகுப்பிலோ எழுத வேண்டியதன் வடிவம்:

(பவளப் புள்ளி, பிற புள்ளி) ~ ஆண்டு + ஆழம் + (1 | இடம்) + (1 | இடம்:ஆண்டு) + (1 | நாடா), பீட்டா-ஈருறுப்பு

(1 | இடம்) போன்றவை ரேண்டம் எஃபெக்ட், அதாவது ஒவ்வோர் இடத்துக்கும் சராசரியிலிருந்து தனி ஏற்ற இறக்கம். பீட்டா-ஈருறுப்பு போட்டால் படத்துக்குத் தனி ரேண்டம் எஃபெக்ட் வேண்டாம், இரண்டும் ஒரே வேலையைச் செய்து மோதிக்கொள்ளும். 'இடம்:ஆண்டு' உறுப்பை விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் ஆண்டு மாற்றத்தின் பிழை செயற்கையாகச் சுருங்கி, இல்லாத சரிவெல்லாம் 'குறிப்பிடத்தக்கது' ஆகும். ஆழத்தைச் சராசரி கழித்துப் போடுங்கள், இல்லையென்றால் வெட்டுத்துண்டு (மாதிரியின் தொடக்க எண், intercept) 'ஆழம் பூச்சியம்' என்ற அர்த்தமற்ற இடத்தைச் சொல்லும்.

நான்கைந்து இடம் மட்டும் உள்ளபோது இடத்தின் மாறுபாடு பூச்சியம் என்று மென்பொருள் சொல்லலாம். உடனே அந்த உறுப்பை நீக்குகிறார்கள், அது தவறு. இடங்கள் வேறுபடவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை, கணிக்கத் தகவல் போதவில்லை என்பதே பொருள். இங்கே பேயீசிய முறை கைகொடுக்கும். வெட்டுத்துண்டுக்குச் சராசரி −1, திட்டவிலக்கம் 1 உள்ள இயல்நிலைப் பரவலை முன்பரவலாக (தரவைப் பார்ப்பதற்கு முந்தைய எதிர்பார்ப்பாக) வைத்தால், 'பரப்பு 5 முதல் 72 சதவீதத்துக்குள் இருக்கலாம்' என்று சொன்னதாகும், பாருக்கு அது நியாயமான அகலம். மாறுபாட்டு உறுப்புகளுக்குத் திட்டவிலக்கம் 1 உள்ள அரை-இயல்நிலை போதும்.

மணல்திட்டும் பாரும் கலந்த இடத்தில் பூச்சியங்கள் மலையாகக் குவியும். பூச்சிய மிகை மாதிரிக்குத் தாவும் முன் கேள்வியைத் தெளிவாக்குங்கள். மொத்தக் கடலடியில் பவளம் எவ்வளவு என்பது வேறு, பவளம் ஒட்டி வளரக்கூடிய கெட்டித்தரையில் எவ்வளவு என்பது வேறு. இரண்டாவதுதான் கேள்வி என்றால் மணல் புள்ளிகளை மொத்தத்திலிருந்தே கழித்துவிடலாம், பூச்சியத்தில் பாதி தானாகப் போய்விடும்.

வெப்பத்தைச் சேர்க்கும்போது

அமெரிக்காவின் நோவா நிறுவனம் செயற்கைக்கோளிலிருந்து 5 கி.மீ. கட்டங்களில் வெப்ப வாரக் கணக்கைத் தருகிறது. ஓர் இடத்தின் மிக வெப்பமான மாதத்தின் நீண்டகாலச் சராசரியை எடுத்து, அதைவிட 1 டிகிரியோ அதற்கு மேலோ சூடான மிகையை மட்டும் கடந்த 12 வாரத்துக்குக் கூட்டுவார்கள். சராசரி 29.5 என்று வைத்து, வாரச் சூடு 30.4, 30.6, 30.8, 30.9, 30.5 என்றால் முதல் வாரம் 0.9 மட்டுமே மிகை என்பதால் சேராது. மற்ற நான்கும் 1.1 + 1.3 + 1.4 + 1.0 = 4.8. நான்கைத் தாண்டினால் கணிசமான வெளிறலும், எட்டைத் தாண்டினால் கடும் வெளிறலும் சாவும் எதிர்பார்க்கலாம் என்பது அவர்களின் வழிகாட்டி. மன்னார் வளைகுடா 2010-லும் 2016-லும் பெரிய வெளிறலைச் சந்தித்தது. உலகளவில் நான்காவது வெளிறல் நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

இந்த எண்ணை மாதிரியில் போடும்போது கவனம். உங்கள் நான்கு இடம் ஒரே 5 கி.மீ. கட்டத்துக்குள் இருந்தால் நான்குக்கும் ஒரே வெப்ப எண்தான். 480 படம் இருந்தாலும் வெப்பத்தைப் பற்றிய தகவல் கட்டங்களின் எண்ணிக்கையும் ஆண்டுகளின் எண்ணிக்கையும் எவ்வளவோ அவ்வளவுதான். இரண்டு கட்டம், இரண்டு ஆண்டு என்றால் நான்கே நான்கு. அதோடு ஆண்டையும் வெப்பத்தையும் சேர்த்துப் போட்டால் எது எதன் விளைவு என்று பிரியாது. ஆண்டை நிலையான உறுப்பாக வைக்காமல் ரேண்டம் எஃபெக்ட்டாக மாற்றி, கட்டத்துக்கும் ஓர் உறுப்பு சேருங்கள். அப்போதும் குறைந்த ஆண்டுகளை வைத்து வெப்பத்தின் விளைவை உறுதியாகச் சொல்ல முடியாது. கரையோரப் பதிவிகளின் அளவு இங்கேதான் பயன்படும். ஒரே கட்டத்துக்குள் இடத்துக்கு இடம் உள்ள சூட்டு வேறுபாட்டை அவை காட்டும்.

சரிபார்த்தலும் எழுதுவதும்

பொருத்திய மாதிரியிலிருந்து ஆயிரம் போலித் தரவுத்தொகுப்பு உருவாக்குங்கள். அவற்றில் பவளமே இல்லாத படங்களின் பங்கும், படங்களுக்கிடையிலான மாறுபாடும் உங்கள் உண்மைத் தரவோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஆர் மொழியில் தர்மா (DHARMa) தொகுப்பு எச்சங்களை (தரவுக்கும் கணிப்புக்கும் உள்ள வித்தியாசங்களை) இதே வழியில் சோதிக்கும். கணிப்புத் திறனைச் சோதிக்கும்போது படங்களைக் கண்டபடி பிரிக்காமல் ஓர் இடத்தை முழுதாக வெளியே வைத்துச் சோதியுங்கள். பக்கத்துப் படம் பயிற்சியில் இருந்தால் எந்த மாதிரியும் கெட்டிக்காரன் போலத் தெரியும்.

முடிவை லாஜிட் எண்ணில் விட்டுவிடாதீர்கள். ஆண்டு மாற்றத்தின் கெழு −0.7 என்றால் பவளம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள விகிதம் பாதியாகிறது. 30 சதவீதம் இருந்த இடத்தில் அது 18-க்கு இறங்கும், 60 இருந்த இடத்தில் 43-க்கு. ஒரே கெழு, இரண்டு வேறு இழப்பு. ஆய்வேட்டில் சதவீதமும் இடைவெளியும் வரட்டும், கூடவே எத்தனை இடம், எத்தனை நாடா, எத்தனை படம் என்பது முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். மூலப்படங்களை இரண்டு வன்தட்டில் வைத்து, ஒன்றைத் துறையில் ஒப்படையுங்கள். அனுமதி தந்த வனத்துறைக்கு அறிக்கை அனுப்பும்போது, படகு ஓட்டியவர்களின் ஊருக்கும் இட வாரியான சதவீதங்களைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த கோடையில் எந்தப் பார் வெளுக்கத் தொடங்குகிறது என்ற சேதி முதலில் வருவது அவர்களிடமிருந்துதான்.